நாலு கட்டம்

அதான் சொல்லிட்டேனே தம்பி, அவருக்கு வலது கை வராது. தோள்லேருந்து சும்மா தொங்குது. ஒரே ஒரு படம் போதும், கோணலா ஒரு மூக்கு இருந்தாலும் போதும்னா எப்படி? மூக்குக்கும் கை வேணும்ல? மொதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது அவரோடது, சாய்ஞ்சா பின்னாடி கவுத்துடும். இப்படி வாங்க. பையக் கீழ வைங்க. கேமராவையும் வைங்க, யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க.

தூங்குறாரு. மருந்து அப்படி. எழுந்ததும் போய்ப் பாருங்க, நான் எங்க வேண்டாம்னேன்? நாப்பதாவது வருஷ மலர்ங்கிறீங்க, போட்டோங்கிறீங்க, எல்லாப் படத்தையும் சேத்துப் புஸ்தகம்ங்கிறீங்க, புஸ்தகத்துக்கு நான் சம்மதிக்கணும்ங்கிறீங்க. எல்லாம் பண்ணலாம். எனக்கும் உங்களால ஒரு காரியம் ஆகணும். பணம் காசு இல்ல, பயப்படாதீங்க. என் பையன் விஷயம். அவன் இந்த வீட்டுப் படி ஏறி ரொம்ப நாளாச்சு. அவன் வரணும். அதுக்கு உங்க வாயால ஒரு வார்த்தை வேணும். அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நான் பேசறதக் கேளுங்க. காப்பி ஆறுது பாருங்க.

நீங்களும் சின்ன வயசுலேருந்து படிக்கிறீங்களா? வர்றவங்க எல்லாரும் அதான் சொல்லுவாங்க. பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தி பாக்க மாட்டாங்களாம், நேரா கடைசிப் பக்கம், அவரு போடற சிரிப்புப் படம், எங்க வீட்டுக் கூத்து. சரி, என்னை எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? நல்லாப் பாருங்க. இந்த ரெண்டு தாடை. இந்த மூக்கு. ம்... ஆமா. பூசணிதான். நாந்தான் பூசணி. சிரிங்க, சிரிங்க, பரவால்ல. அடக்கினீங்கன்னா காப்பி பொரை ஏறும். சிரிக்காதவங்க யாரும் இந்த வீட்டுக்குள்ள வந்ததில்ல. கழுத்து வலிக்கு டாக்டர்கிட்ட போனா அவரே எழுந்து நின்னு நர்சைக் கூப்பிட்டாரு, ஓடி வாம்மா, யாரு வந்திருக்காங்க பாருன்னு. துணி தைக்கிறவன் அளவு எடுக்கும்போது டேப்பு பத்தலைன்னான். பத்துச்சு தம்பி. ஆனா படத்துல அன்னிக்கு அப்படித்தான் வந்திருந்துச்சு.

கல்யாணம் ஆனப்ப நான் ஒல்லி. உங்க பத்திரிகையில அவருக்கு அப்ப விளம்பரத்துக்கு எழுத்து எழுதுற வேலை. தள்ளுபடி, சலுகை, கடைசி நாள்னு பெருசு பெருசா எழுதணும். அப்ப இருந்த ஆசிரியர் கடைசிப் பக்கத்துல ஒரு மூலை காலியா கெடக்கு, ஏதாவது வரைஞ்சு அடைப்பான்னு சொல்லியிருக்காரு. மொதல்ல ஒரு நாய வெச்சு வரைஞ்சாரு. நல்ல நாய். யாரும் திரும்பிப் பாக்கலை. ஒரு நாள் நான் அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்துட்டேன், பொங்கி, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. நான் கையப் பிசைஞ்சுட்டு நின்னேன். அவரு கோவமே படலை. என்னையே பாத்துட்டு இருந்தாரு. அடடா, எப்பேர்ப்பட்ட மனுஷன்னு நான் உருகிப் போயிட்டேன். பத்து நாள் கழிச்சு அது பேப்பர்ல வந்துச்சு. நாய்க்கு ஒரு கடுதாசி வந்ததில்ல, எனக்கு மூட்டையா வந்துச்சு. அதோட நாய் போச்சு. நான் வந்தேன்.

அந்தப் பத்து நாள் உங்களுக்குத் தெரியும்ல? உங்க ஆபீஸ் வழக்கம்தானே. படத்தைப் பத்து நாள் முன்னாடியே குடுத்துடணும். அதனால எங்க வீட்டுல எது நடந்தாலும் ரெண்டு தடவை நடக்கும் தம்பி. மொதத் தடவை எங்களுக்கு. ரெண்டாவது தடவை ஊருக்கு. சண்டை ஓய்ஞ்சு, அழுது முடிச்சு, மறந்து, சாதாரணமா பேச ஆரம்பிச்சிருப்போம். காலையில கதவைத் திறந்தா வாசல்ல கெடக்கும், சுருட்டி, ரப்பர் போட்டு.

எங்கம்மா செத்தப்ப. இதைக் கேளுங்க. நான் ஒரே பொண்ணு. கூடத்துல அவங்களக் கிடத்தியிருக்கு, நான் கால்மாட்டுல விழுந்து அழறேன். நிமிந்து பாத்தா அவரு சுவரோரமா நின்னு என்னையே பாத்துட்டு இருக்காரு. கண்ணை எடுக்கலை. சரி, ஒரு வார்த்தை தேத்தப் போறாரு, வந்து தோளத் தொடப் போறாருன்னு நெனச்சேன். மூக்கைப் பாத்துட்டு இருந்திருக்காரு தம்பி. ஒழுகுதுல்ல, அழுதா? அதை. பத்து நாள் கழிச்சுப் பூசணி அழறா, மூக்குக்குக் கீழ ஒருத்தன் வாளி வெக்கிறான், ரெண்டாவது கட்டத்துல வாளி ரொம்புது, மூணாவதுல தெருவே வரிசையில நிக்குது குடத்தோட, நாலாவதுல அடுத்த வீட்டுக்காரி சொல்றா, இன்னும் கொஞ்சம் அழச் சொல்லுங்க, எங்க வீட்டுல குழாய்ல தண்ணி வரலைன்னு. துக்கம் விசாரிக்க வந்தவங்க கையில பேப்பரோட வந்தாங்க. வாயைப் பொத்திக்கிட்டுதான் வந்தாங்க, இல்லேங்கல.

நான் கேட்டேன். ஏங்க, எங்கம்மாங்கன்னு. அதுக்கு அவரு, உங்கம்மாவை நான் வரையலையே, உன்னைத்தானே வரைஞ்சேன், தமாஷுடி, சிரிக்கத் தெரியாதா உனக்குன்னாரு. தப்பாச் சொல்லலை, அவருக்கு நெசமாவே புரியலை. அடிக்கிற கைதான் அணைக்கும்பாங்க. இவரு கை ஒரு நாளும் எங்களை அடிச்சதில்ல. குடிச்சதில்ல, வெளியில ஒரு பொம்பளையத் தேடிப் போனதில்ல. ஊர்ல எவகிட்ட போய் நான் என்ன சொல்லி அழறது? எம்புருஷன் என்னை வரையுறாருன்னா?

பொண்ணு சமத்து. சீக்கிரமே புரிஞ்சுக்கிட்டா. அப்பா முன்னாடி ஒரு கொட்டாவி விட மாட்டா. சோறு கேக்க மாட்டா, கோவப்பட மாட்டா, கால் இடிச்சா அழ மாட்டா. சொந்த வீட்டுலயே விருந்தாளி மாதிரி இருந்தா. இந்தப் பொண்ணுகிட்ட சரக்கே இல்லையேன்னு அவரு ரொம்பக் குறைப்பட்டுக்குவாரு. கல்யாணமாகி வண்டி ஏறினப்ப கூட கண்ணு கலங்கலையே அவ. கல் நெஞ்சுக்காரின்னு சொந்தக்காரங்க பேசினாங்க. முனை திரும்பின பெறவு வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு மணி நேரம் அழுதாளாம். மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பையனுக்கு அந்தச் சமத்து இல்ல. மறைக்கவும் முடியாது அவனால. வாயைத் திறந்தாத் தெரிஞ்சுடும்.

ஆமா. தந்தி. அவனேதான். நீங்க படிச்ச தந்தி எம்பையன். என்ன தம்பி, ஒரு மாதிரி ஆயிட்டீங்க? உங்க பள்ளிக்கூடத்துலயும் ஒருத்தன் இருந்தானா? நீங்களும் கூப்பிட்டீங்களா அப்படி? இருக்கும். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் ஒருத்தன் இருந்திருப்பான். எவன் திக்கினாலும், தந்தி அடிக்கிற மாதிரி விட்டு விட்டு வருதுன்னு, தந்தின்னுதானே பேரு வெச்சாங்க அப்ப. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், குழந்தை. பேப்பர்ல போட்டிருந்தா சரின்னுதானே நெனப்பீங்க.

அவரு எப்படி வரைவாருன்னு நீங்க பாத்ததில்லையே. மொதல்ல படம் போட மாட்டாரு. நாலு கட்டம் போடுவாரு ஸ்கேல் வெச்சு. அப்புறம் பேச்சை எழுதுவாரு, மேல. பேச்சு எவ்வளவு எடம் எடுக்குதுன்னு பாத்துட்டுத்தான் அதுக்குக் கீழ தலையை வெக்கணும், இல்லேன்னா தலை இடிக்கும்பாரு. இப்ப திக்கிற பேச்சு சாதாரணப் பேச்சை விட நிறைய எடம் எடுக்கும்ல? ஒரே எழுத்து நாலு தடவை, அஞ்சு தடவை வருதே. அது சரியா வரணும் அவருக்கு. அதுல கறார். அதனால பையனைக் கூப்பிடுவாரு.

வாடா கண்ணா, அப்பாக்கு ஒரு உதவி பண்ணு. பள்ளிக்கூடம்னு சொல்லு பாக்கலாம். பாட்டரின்னு சொல்லு. இன்னொரு தடவை. மெதுவா.

அவனுக்கு அப்ப ஏழு வயசு, எட்டு வயசு. அப்பா தனக்குப் பேசக் கத்துக் குடுக்குறாருன்னு நெனச்சுட்டான் தம்பி. தலைய வாரிட்டு வந்து நிப்பான். மேஜை விளிம்பப் பிடிச்சுட்டு, கண்ண மூடிக்கிட்டு, மூஞ்சியெல்லாம் சிவந்து, ஒவ்வொரு வார்த்தையா சொல்லுவான். சொல்லி முடிச்சதும் கண்ணைத் திறந்து அப்பா மூஞ்சியப் பாப்பான், சரியா சொன்னனான்னு. அவரு பேனாவால தட்டித் தட்டி எண்ணிக்கிட்டு இருப்பாரு, ப எத்தனை தடவை வந்துச்சுன்னு. பிரமாதம்டாம்பாரு. அவன் அடுக்களைக்கு ஓடி வந்து என் இடுப்பக் கட்டிக்குவான். அம்மா, இன்னிக்கு நான் பிரமாதம்னு. அதைச் சொல்றதுக்கும் அவனுக்கு அவ்வளவு நேரம் ஆகும்.

எப்பத் தெரிஞ்சுதா? எழுத்துக் கூட்டிப் பேப்பர் படிக்க ஆரம்பிச்சப்ப. வேற எப்ப?

அப்புறம் அவன் பேசறதையே விட்டுட்டான். கையக் காட்டுவான், தலைய ஆட்டுவான். படத்துல தந்தி மட்டும் பேசிக்கிட்டே இருந்தான். வீட்டுல ஒரு சத்தம் இல்ல, பேப்பர்ல ஒரே அமர்க்களம். வேலைக்குன்னு ஒரு எடத்துக்குப் போனான் வளந்த பெறவு. படிப்புல கெட்டிக்காரன். பேரு கேட்டிருக்காங்க. அவன் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அங்க ஒருத்தரு, அட, நம்ம தந்தி மாதிரியே பேசறாரேன்னு. அவங்களுக்கு இவன்தான் அதுன்னு தெரியாது. எழுந்து வந்துட்டான்.

ஒரு பொண்ணு பாத்தோம். நல்ல எடம். அந்தப் பொண்ணும் அதிகம் பேசாதவ. ரெண்டு பேரும் தனியா உக்காந்து பேசினாங்க. திக்குறது தெரியும் எனக்கு, பரவாயில்லைங்கன்னு அந்தப் பொண்ணே சொல்லிச்சாம். இவன் முகத்துல அன்னிக்குத்தான் சிரிப்பப் பாத்தேன். நான் இவரு காலைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இதை மட்டும் வரையாதீங்க, அந்தப் பொண்ணு கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் வேற எது வேணாலும் வரைங்க, என்னைய நிர்வாணமா வேணாலும் வரைங்கன்னேன். சரி சரின்னாரு. வாக்கக் காப்பாத்தினாருதான். அந்தப் பொண்ணை வரையலை. அதோட அப்பாவைத்தான் வரைஞ்சாரு. தந்தி பொண்ணு கேக்கப் போறான், வார்த்தை வெளிய வர்றதுக்குள்ள மாமனாரு நரைச்சு, பல்லு விழுந்து, கோலூணிட்டு நிக்கிறாரு. ஊரே சிரிச்சுது. அவங்க சிரிக்கலை. தரகர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியனுப்பிட்டாங்க. எங்க பொண்ணு நாளைக்குக் கடைசிப் பக்கத்துல வரவேண்டாம்னு. அவங்க மேல என்ன தப்பு?

அதே வருஷம் அவருக்குப் பரிசு குடுத்தீங்க உங்க பத்திரிகையில. மேடையில என்னை ஏத்துனாங்க. என் ஒசரத்துக்குப் பூசணியை அட்டையில வெட்டி நிக்க வெச்சிருந்தாங்க. அதுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ. யாரு நெசம், யாரு படம்னு ஒருத்தரு மைக்குல கேட்டாரு, கைதட்டல் அடங்கவே இல்ல. இவரு பேசினாரு. என் குடும்பம்தான் என் புதையல்னாரு. எடுக்க எடுக்கக் குறையலைன்னாரு. பையன் கடைசி வரிசையில உக்காந்திருந்தான். நான் அங்கேருந்து பாத்தேன். வீட்டுக்கு வந்தா அவன் அலமாரி காலி. கடல் தாண்டிப் போயிட்டான். ஒரு கிடங்குல சாமான் அடுக்குற வேலை. யாரோடயும் பேச வேண்டியதில்லையாம்.

போன் பண்ணுவான். பண்ணிட்டுப் பேச மாட்டான். நான் பேசுவேன், பொண்ணு நல்லாருக்கா, மாடிப்படி ஈரம், இப்படி எதையாச்சும். அவன் மூச்சு மட்டும் கேக்கும். அது போதும் எனக்கு. ஒவ்வொரு நாளும் கடவுள்கிட்ட கேட்டது ஒண்ணுதான். என் பிள்ளை வாயைத் திற, இல்லேன்னா இந்த மனுஷன் கைய நிறுத்துன்னு.

நிறுத்திட்டாரு பாத்தீங்களா. கடவுள் கேக்கலைன்னு யாரு சொன்னது? மேஜை மேலயே சாய்ஞ்சாரு, பேனா உருண்டு என் காலடியில வந்து விழுந்துச்சு. ஒரு பக்கம் முழுக்கப் போச்சு. நாக்கும் பொரளலை. நீங்க பழைய படத்தையே திருப்பித் திருப்பிப் போட ஆரம்பிச்சீங்க. ஒருத்தரும் கண்டுபிடிக்கலையாமே? எங்கம்மா சாவு மறுபடி வந்துச்சு, மறுபடியும் கடுதாசி வந்துச்சு, பிரமாதம்னு.

இல்ல தம்பி, பையன் வந்தான். சேதி கேட்டதும் வந்துட்டான். அதைத்தான் சொல்ல வர்றேன். நடுவுல பேசாதீங்க.

வந்தவன் அவரு பக்கத்துல உக்காந்தான். இவரு வாயைத் திறக்குறாரு, அ... அ... அதுக்கு மேல வரலை. எச்சில்தான் வருது. கண்ணுல தண்ணி. நான் கதவுக்கிட்ட நின்னு பாக்கறேன். அவன் துண்டால வாயைத் தொடைச்சு விட்டுட்டு, அவரு கையை எடுத்து முழங்கால் மேல வெச்சான். அப்பா, அவசரம் இல்ல, நான் காத்திருக்கேன்னான். மொதல்ல மூச்சை விடுங்க. விட்ட மூச்சு மேல வார்த்தைய மெல்ல வைங்க. ஒரு வார்த்தைக்கு ஒரு தட்டு, இப்படி, முழங்கால்ல. அங்க போயி யாரோ ஒரு வாத்தியாரம்மாகிட்ட கத்துக்கிட்டானாம், சம்பளத்துல பாதியக் குடுத்து. திக்கத்தான் செஞ்சான், ஆனா நின்னு நிதானமா, பயமில்லாம. என் பிள்ளை குரல் எப்படின்னு அன்னிக்குத்தான் தம்பி நான் கேட்டேன். கட்டைக் குரல். எங்கப்பா குரல்.

ஒரு மாசம் இருந்தான். காலையும் சாயங்காலமும் சொல்லிக் குடுத்தான். த... தண்ணி. வ... வணக்கம். ரெண்டு பேரும் முழங்கால்ல தட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நான் அடுக்களையில கதவு சாத்திக்கிட்டு அழுவேன். சந்தோஷத்துல. இனிமே எனக்கு ஒண்ணும் வேண்டாம் கடவுளேன்னு.

கை காலுக்குப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வரும். அது ஒரு நாள் கட்டிலாண்ட நின்னு விழுந்து விழுந்து சிரிக்குது. அம்மா இங்க வாங்களேன், அண்ணே நீங்களும் வாங்க, அப்படியே இருக்குன்னு. போய்ப் பாத்தோம். இடது கையால வரைஞ்சிருக்காரு தம்பி. பேனாவ விரலிடுக்குல சொருகிட்டு. கோடு நடுங்குது, அதுவும் ஒரு அழகாத்தான் இருக்கு. நாலு கட்டம். மொதக் கட்டத்துல தந்தியும் அப்பாவும் முழங்கால்ல தட்டுறாங்க, வ வ வ. ரெண்டாவதுல வ வ வ. மூணாவதுலயும் வ வ வ. நாலாவதுல பூசணி சாப்பாட்டுத் தட்டோட நிக்கிறா, தட்டுல சிலந்தி கூடு கட்டியிருக்கு, ரெண்டு பேரும் இன்னும் வணக்கம் சொல்லி முடிக்கலை.

சிரிப்பு வருதுல்ல? வரும். வராம எப்படி இருக்கும்? அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல.

பையன் அதை எடுத்துப் பாத்தான். எழுத்து விடாமப் பாத்தான். எங்கிருந்து எடுத்தானோ அங்கயே நேரா வெச்சான். தட்டைக் கழுவி வெச்சான். பையைக் கட்டினான். வாசல்ல நின்னு, அம்மா, அப்பாக்குக் கை சரியாயிடுச்சு, இனிமே நான் எதுக்குன்னான். ஒரு எழுத்து உடையலை. அதுக்கப்புறம் போன் கூடக் கெடையாது. மூச்சுச் சத்தமும் போச்சு.

ஆமா தம்பி. இடது கை வருது. நான் வலது கைதானே வராதுன்னேன்? பொய் சொல்லலையே. புத்தியும் தெளிவாத்தான் இருக்கு. தினம் ஒண்ணு வரையுறாரு. உக்காருங்க, எழுந்துக்காதீங்க, உள்ள இப்ப போகக் கூடாது, முழுசாக் கேட்டுட்டுப் போங்க. அந்தப் படமெல்லாம் எங்கன்னா? அடுக்களை அலமாரியில. தட்டுக்குத் தட்டு விரிச்சிருக்கேன், படம் அடியில போற மாதிரி. நல்ல கெட்டிப் பேப்பரு, டப்பா வெச்சா வழுக்காது. பேப்பருக்கு அனுப்பிட்டேன்னு அவருகிட்ட சொல்லிடுவேன். பத்து நாள் காத்திருப்பாரு. பத்தாம் நாள் காலையில பேப்பர விரிச்சுக் காட்டுவேன், பாருங்க, பழசைத்தான் போட்டிருக்காங்க, புதுசுல சிரிப்பே இல்லைன்னு சொல்லிட்டாங்களாம்னு. அப்ப அந்த மூஞ்சி சுருங்கும் பாருங்க. கடவுள் என்னை மன்னிக்கட்டும், எனக்குக் கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு. இல்லேன்னு ஏன் சொல்லணும்? கடவுள்கிட்டயும் தினம் சொல்லிட்டுத்தான் படுக்கறேன்.

இல்ல, இப்பல்லாம் அந்த மாதிரி வரையுறதில்ல. பையன் போன பெறவு மாறிட்டாரு. இப்ப அவருதான் கோமாளி. தனக்குக் கழுதைக் காது வெச்சு வரையுறாரு. என்னை ஒல்லியா, கல்யாணத்துல இருந்த மாதிரி. தந்தி பேசறான், பேச்சுல ஒரு எழுத்து உடையலை. கழுதை அவன் முன்னாடி மண்டி போட்டு நிக்குது. பாத்தா ஊரே அழும் தம்பி. அழுதுட்டு, எப்பேர்ப்பட்ட மனசு, எவ்வளவு பெரிய கலைஞன்னு சொல்லும். உங்க மலருக்கு அதைவிட என்ன வேணும்? நீங்க ஏன் முன்னாடி நகந்து உக்காந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா?

பிள்ளைய வெச்சுச் சிரிக்கவும் வெச்சாரு. இப்ப அழவும் வெக்கணுமா?

நான் சொன்னேன். ஏங்க, மன்னிப்பு ஊர்கிட்ட எதுக்கு? அவன்கிட்டக் கேளுங்க. விலாசம் இருக்கு. ஒரே ஒரு வரி. கண்ணா, அப்பா செஞ்சது தப்பு, வா. அவ்வளவுதான். தலையாட்டினாரு. அழுதாரு. வெள்ளைப் பேப்பர் குடுத்தேன், பேனா குடுத்தேன். போய்ப் பாத்திரம் தேச்சுட்டு வர்றேன், அதுல நாலு கட்டம் போட்டு வெச்சிருக்காரு தம்பி. கிழிச்சுட்டு இன்னொண்ணு குடுத்தேன். அதுலயும் கட்டம். கோடு போட்ட பேப்பர் குடுத்தேன், கோட்டையே கட்டமாக்கிட்டாரு. அந்த மனுஷனுக்குத் தனியா ஒருத்தன்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமே தெரியலை. யாராச்சும் பாக்கணும். யாருமே பாக்க மாட்டாங்க, இனிமே ஒருத்தரும் போட மாட்டாங்கன்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான் கட்டம் போடாம எழுதுவாரு. அதுக்குத்தான் இவ்வளவும். பொழுது போகாமச் செய்யலை.

ஆனா இப்ப என் பேச்சை அவரு நம்பறதில்ல. சந்தேகம் வந்துடுச்சு. நான் சொல்லச் சொல்ல ஒரு மாதிரி பாக்குறாரு. நீங்க பேப்பர்காரரு. நீங்க சொன்னா நம்புவாரு.

முடியாதுங்கறீங்களா? சரி. அப்ப புஸ்தகமும் கெடையாது, போட்டோவும் கெடையாது, அலமாரியில ஒரு பேப்பரும் வெளிய வராது. காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்பலாம். நான் கோவிச்சுக்க மாட்டேன். உங்களுக்குக் குழந்தை இருக்கா தம்பி? ம். எத்தனை வயசு? பேச ஆரம்பிச்சிடுச்சா? நல்லா இருக்கட்டும்.

பெரிய வேலை இல்லப்பா. அவரு ஒரு படத்தை நீட்டுவாரு. வாங்கிப் பாருங்க. அழுகை வந்தா முழுங்கிடுங்க. ஐயா, இது போடற மாதிரி இல்லீங்க, இனிமே எதுவும் அனுப்ப வேண்டாம்னு ஒரு வார்த்தை. திருப்பிக் கையில குடுத்துடுங்க. அப்புறம் எங்க கையெழுத்துப் போடணுமோ காட்டுங்க, போட்டுத் தர்றேன், பழசெல்லாம் அச்சடிச்சுக்குங்க, பூசணி மூக்கோட.

எழுந்துட்டீங்களா? அந்த ரெண்டாவது கதவு. மெதுவாத் திறக்க வேண்டாம், அவரு தூங்கவே இல்ல. பேப்பர்லேருந்து ஆள் வர்றாங்கன்னு காலையிலேயே சொல்லிட்டேன். புதுச்சட்டை கேட்டாரு, போட்டு விட்டேன். தலையும் வாரி விட்டேன். விடிஞ்சதுலேருந்து மடியில படத்தை வெச்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்காரு பாவம். போங்க.